கேளுங்க, சொல்றேன்: சம்பளம் குடுக்குறோம்ல, அப்புறம் என்ன தனியா பாராட்டு?

வேலை பார்க்குறவங்களை எப்படிப் பாராட்டுறது, பாராட்டணுமா, பாராட்டுனா தலையில ஏறிடுவாங்களா... இப்படி போன இதழுக்கு அப்புறம் செட்டிநாட்டுப் பக்கத்துல இருந்து வந்த கடிதமும் வாட்ஸப் வாய்ஸ் மெசேஜும் கொஞ்சமில்ல. தீபாவளி நெருங்குதுல்ல, முதலாளிங்களுக்கும் பயம், வேலை பார்க்குறவங்களுக்கும் எதிர்பார்ப்பு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் சேர்த்து, சிலதை எடுத்து பதில் சொல்லிருக்கேன். பேரு போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாரு பேரும் போடல.

காரைக்குடியில வீட்டோட சேர்த்து பலகாரக் கடை வைச்சிருக்கேன். எட்டு பொம்பளைங்க வேலை பார்க்குறாங்க. ஒண்ணாந்தேதி டாண்ணு சம்பளம், தீபாவளிக்கு போனஸ், சேலை, ஒரு பலகார டப்பா எல்லாம் குடுக்குறேன். ஆனா ரொம்ப வருஷமா இருந்த ஒரு அக்கா மாசம் ஐநூறு ரூபா கூட வருதுன்னு வேற கடைக்குப் போயிட்டாங்க. போறப்ப "நல்லாருக்குன்னு ஒரு நாளு ஒரு வார்த்தை சொல்லிருப்பியளா ஆச்சி"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. இதுக்கு மேல நான் என்னதான் பண்றது?

ஆச்சி, மொதல்ல அந்த ஐநூறு ரூபாயை சாதாரணமா நினைக்காதீங்க. நீங்க எழுதுறதைப் பார்த்தா "வெறும் ஐநூறு ரூபாய்க்குப் போயிட்டா"ங்குற வருத்தம் தெரியுது, அந்த அக்காவுக்கு அது கேஸ் சிலிண்டர் காசுல பாதிக்கு மேல. அதனால அடுத்தவங்க போறதுக்கு முன்னாடி ஊர்ல மத்த கடைங்க என்ன சம்பளம் குடுக்குறாங்கன்னு விசாரிச்சு சம்பளத்தைச் சரி பண்ணுங்க, அதைப் பண்ணாம நாளைக்கே போயி எல்லாரையும் புகழ ஆரம்பிச்சீங்கன்னா "ஓகோ, சம்பளம் ஏத்தாம இருக்க வழி பார்க்குறாங்க"ன்னுதான் நினைப்பாங்க, அது தப்பும் கிடையாது.

அடுத்தது, அவங்க சொன்ன அந்த ஒரு வார்த்தை. நீங்க போனஸ், சேலை, டப்பான்னு வரிசையா சொன்னீங்களே, அது எட்டு பேருக்கும் ஒண்ணுபோலக் குடுக்குறது, குடுக்கத்தான் வேணும், குறைச்சுடாதீங்க. ஆனா அந்த அக்கா கேட்டது வேற. சீப்புச் சீடை போடுறவங்களைப் பக்கத்துல உக்காந்து பார்த்திருப்பீங்க, மாவை சீப்புல அழுத்தி, வரி விழுந்ததும் துண்டு போட்டு, விரல்ல சுத்தி ரெண்டு முனையையும் ஒட்டணும். மாவுல ஈரம் கூடுனா வரி மங்கிடும், குறைஞ்சா ஒட்டு நிக்காது, எண்ணெயில போட்டதும் வாயைப் பொளந்துக்கும். ஒரு நாள் முழுக்க ஒண்ணுகூடப் பிரியாம ஒருத்தி சுத்திப் போட்டிருக்கான்னா அது யாரு கண்ணுக்குத் தெரியும்? வாங்கிச் சாப்புடுறவனுக்குத் தெரியாது, பார்சல் வாங்கிட்டு சிங்கப்பூர் போறவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கதான் சொல்லணும், "இன்னைக்குப் போட்டதுல ஒண்ணுகூட ஒட்டு விடல பாத்தியளா"ன்னு. அதுல நீங்க நின்னு பார்த்தீங்கங்குற சேதி இருக்கு. சும்மா "சூப்பர், சூப்பர்"னு சொல்லிட்டு கல்லாவுக்குப் போறதுல அது கிடையாது.

இன்னொண்ணு. கஸ்டமர் போன் பண்ணி "மனகோலம் பிரமாதம் ஆச்சி"ன்னு சொல்வாங்கல்ல, அந்தப் பாராட்டு எல்லாம் உங்க காதோட நின்னுபோகுது. அடுத்த தடவை ஸ்பீக்கர்ல போட்டு உள்ள அடுப்படிக்குக் கொண்டு போங்க, காசா பணமா.

நைட்டு பத்து மணி வரைக்கும் இருக்கணும்னு கேக்கப் போறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மட்டும் பாராட்டுறது ஒரு பழக்கம் நம்ம ஊர் முதலாளிமார்கிட்ட உண்டு, அது வேண்டாம், ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம், கோவிச்சுக்காதீங்க, அந்தப் பலகார டப்பா. ஐப்பசி பூரா அந்த எண்ணெய் வாடையில நின்னவங்களுக்கு அவங்களே சுட்ட தேன்குழலை ரிப்பன் கட்டிக் குடுத்தா எப்படி இருக்கும்? வீட்டுப் புள்ளைங்களுக்கு ஆகும்தான், இல்லைங்கல. இருந்தாலும் இந்த வருஷம் அந்த டப்பாவுக்குப் பதிலா தீபாவளிக்கு மறுநாள் ஒரு நாள் கூடுதலா சம்பளத்தோட லீவு குடுத்துப் பாருங்க.

போனஸைப் பத்தி இன்னும் சிலர் கேட்டிருந்தாங்க, இங்கயே சொல்லிடுறேன். 1965ல வந்த போனஸ் சட்டத்துக்குப் பதிலா 2025 நவம்பர்ல இருந்து ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துடுச்சு, 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்குற இடங்களுக்கு போனஸ் கட்டாயம். குறைஞ்சது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அந்த 8.33 எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிக்க வேண்டாம், வருஷச் சம்பளத்துல பன்னெண்டுல ஒரு பங்கு, அவ்ளோதான். பழைய சட்டத்துல இருந்த இந்த சதவீதம் புதுசுலயும் மாறல. ஆச்சி கடையில எட்டே பேருதான், சட்டம் கட்டாயப்படுத்தல, அவங்களா மனசோட குடுக்குறாங்க, அதுக்கு அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா இருபத்தஞ்சு பேரை வைச்சிருக்குறவர் 8.33 குடுத்துட்டு "எங்க ஆளுங்களை நாங்க எப்படிப் பாராட்டுறோம் பாருங்க"ன்னு ஃபோட்டோ போடக்கூடாது, அது குடுக்க வேண்டிய காசு.

நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருக்கேன். போன மாசம் "மாதத்தின் சிறந்த ஊழியர்"னு என் ஃபோட்டோவை வாசல்ல மாட்டுனாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா காலையில ஒன்பதரைக்கு நின்னா நைட்டு வரைக்கும் நின்னுக்கிட்டேதான். கூட்டம் இல்லாத நேரத்துலயும் உக்காரக்கூடாது. ஃபோட்டோவை எடுத்துட்டு ஒரு ஸ்டூல் குடுங்கன்னு கேட்டா தப்பா?

தப்பே இல்லம்மா. ஃபோட்டோவும் இருக்கட்டும், ஸ்டூலும் வரட்டும். இது நீ கேக்குற சலுகை கிடையாது, சட்டத்துல இருக்கு. 1947ல வந்த தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021ல ஒரு திருத்தம் கொண்டுவந்து 22-ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. கடையில வேலை பார்க்குற எல்லாருக்கும் உக்கார வசதி செஞ்சு குடுக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கிடைக்கிறப்ப உக்காரலாம், நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்க வைக்கக்கூடாது, இதான் சாரம். நமக்கு முன்னாடி கேரளாவுல இதே மாதிரி கொண்டுவந்தாங்க, அங்க கடையில வேலை பார்க்குற பொம்பளைங்க போராடித்தான் கிடைச்சுது.

ஒத்தையா போயி கேக்காத. ஃப்ளோர்ல இருக்குற நாலஞ்சு பேர் சேர்ந்து, கூட்டம் இல்லாத ஒரு மத்தியானமா பார்த்து மேனேஜர்கிட்ட சொல்லுங்க, "சார் வேரிகோஸ் வந்து மூணு பேர் காலு நரம்பு புடைச்சுக் கிடக்கு, சேலை விரிச்சுக் காட்டுற நேரத்துல நின்னுக்குறோம், மத்த நேரம் உக்கார இடம் குடுங்க"ன்னு. நல்ல மனுஷனா இருந்தா அடுத்த வாரமே பண்ணுவார். காதுல வாங்கலைன்னா தொழிலாளர் துறையில உதவி ஆய்வாளர்கிட்ட எழுதிக் குடுக்கலாம், சிவகங்கையில ஆபீஸ் இருக்கு. முதலாளி யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிக்கிறேன், ஸ்டூல்ல உக்காந்திருக்குற பொண்ணைப் பார்த்து எந்தக் கஸ்டமரும் கடையை விட்டு ஓடுனதில்ல.

ஆத்தங்குடி பக்கம் எங்க அப்பா டைல்ஸ் பட்டறை வைச்சிருக்காரு, நான் படிச்சுட்டு வந்து இப்பதான் கூட நிக்கிறேன். அப்பா யாரையும் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாரு. "புகழ்ந்தா கை தளர்ந்துடும்டா"ம்பாரு. நான் பாராட்டுனா ஆளுங்களே சிரிக்கிறாங்க. எப்படி ஆரம்பிக்கிறது?

தம்பி, உங்க அப்பாவை நான் முழுசா விட்டுக்குடுக்க மாட்டேன். நல்லா கவனிச்சுப் பாருங்க, கஷ்டமான ஆர்டர் வந்தா, நாலு கலர், வளைவு வளைவா பூ, பார்டர் எல்லாம் இருந்தா அதை யாருகிட்ட குடுக்குறாரு? எப்பவும் ஒரே ஆளுகிட்டதான் குடுப்பாரு. அந்த ஆளுக்கும் தெரியும் அது எதுக்குன்னு. அவர் தலைமுறை ஆளுங்க பாராட்டுனது அப்படித்தான், வேலையைக் குடுத்துப் பாராட்டுவாங்க. ஆனா பக்கத்துல நிக்கிற சின்னப் பையனுக்கு அது புரியாது, அவனுக்கு வாயால சொல்லத்தான் வேணும், சொல்லலைன்னா திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறிடுவான். இப்பவே இந்தத் தொழில்ல புதுசா கை பழக வர்ற பசங்க குறைஞ்சுக்கிட்டு வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஆளுங்க சிரிக்கிறாங்கன்னா நீங்க கம்பெனி மீட்டிங்ல பேசுற மாதிரி பேசிருப்பீங்க, "உங்கள் பங்களிப்பு மகத்தானது"ன்னு. அதை விடுங்க. மொதல்ல ஒரு மாசம் கூட உக்காந்து நீங்களே ஊத்திப் பாருங்க. கண்ணாடி மேல அச்சை வைச்சு, கட்டம் கட்டமா கலர் சாந்தை ஊத்துறப்ப பச்சை சிவப்புக்குள்ள ஓடாம நிறுத்துறது, அச்சை அசையாம செங்குத்தா தூக்குறது, அப்புறம் காய்ஞ்ச மணல் சிமெண்ட்டைத் தூவி, மேல சாந்து போட்டு மட்டம் பண்ணி, தண்ணித் தொட்டியில போட்டு எடுத்து, காய்ஞ்சு கண்ணாடியைப் பிரிக்கிறப்பதான் விஷயமே தெரியும், நல்லா வந்துச்சா, மூலையில ஓட்டை விழுந்துச்சான்னு. உங்களுக்கு நூறுல எத்தனை தேறுதுன்னு பார்த்துட்டு அதுக்கப்புறம் பாராட்டுங்க, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க.

இன்னும் ஒரு யோசனை, இதை எல்லாப் பட்டறைக்காரங்களுக்குமே சொல்றேன். உங்க ஆளு பார்க்குறது ஒத்தை ஒத்தைக் கல்லு. அது எங்கயோ ஒரு வீட்டு ஹால்ல ஆயிரம் கல்லா சேர்ந்து விரிஞ்சு கிடக்குறப்ப எப்படி இருக்கும்னு ஊத்துனவன் பார்க்குறதே கிடையாது. பெங்களூர், சென்னைன்னு அனுப்புறீங்கல்ல, தரை போட்டு முடிச்சதும் ஒரு ஃபோட்டோவோ வீடியோவோ அனுப்பச் சொல்லிக் கஸ்டமர்கிட்ட கேளுங்க, ஆசையா அனுப்புவாங்க. அதைப் பட்டறையில பெரிய ஸ்க்ரீன்லயோ போன்லயோ காட்டி, "இந்த பார்டர் ஊத்துனது நீங்க"ன்னு சொல்லுங்க. முடிஞ்சா பக்கத்துல இருக்குற ஊர்ல வேலை முடிஞ்ச வீட்டுக்கு ஒரு தடவை வேன் வைச்சுக் குடும்பத்தோட கூட்டிட்டுப் போங்க. ஆயுத பூஜைக்கு எல்லாரும் பொரிகடலையும் வேட்டியும் குடுக்குறோம், அச்சுக்கும் கரண்டிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், அன்னைக்கு அந்த வீடியோவை ஓட விட்டா இன்னும் விசேஷம்.

அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. அவர் பாட்டுக்கு இருக்கட்டும்.

கானாடுகாத்தான்ல பழைய வீட்டை ஹோட்டலா மாத்திருக்காங்களே, அந்த மாதிரி ஒண்ணுல மேனேஜரா இருக்கேன். கெஸ்ட்டு எல்லாம் ரிவ்யூல வரவேற்புல நிக்கிற பையனையும் கைடையும் பேரு சொல்லிப் புகழ்றாங்க. சமையக்கட்டுல இருக்குறவங்க, ரூம் க்ளீன் பண்றவங்க பேரு வர்றதே இல்ல. டிப்ஸும் அதே மாதிரி. உள்ளுக்குள்ள மனஸ்தாபம்.

டிப்ஸுக்கு ஒரே வழி பொதுப் பெட்டி, வாரம் ஒரு நாள் எல்லாரு முன்னாடியும் திறந்து எண்ணி, சமையக்கட்டு, தோட்டம், வாட்ச்மேன் உட்பட எல்லாருக்கும் பங்கு. பங்கு விகிதத்தை எழுதி ஒட்டிடுங்க, நிர்வாகம் அதுல ஒரு பைசா தொடக்கூடாது.

ரிவ்யூல பேரு வர்றதுக்கு, கெஸ்ட்டுக்கு அந்த ஆளைத் தெரியணும்ல. வளவுல, அதான் வீட்டு உள்முற்றத்துல, உக்காந்து வாழை இலையில சாப்பிட்டு முடிச்சதும் சமைச்சவங்களை ஒரு நிமிஷம் கூப்பிட்டு "இன்னைக்கு வெள்ளைப் பணியாரம் இவங்கதான் சுட்டது"ன்னு அறிமுகப்படுத்துங்க. அவங்களுக்குக் கூச்சமா இருந்தா கட்டாயப்படுத்தாதீங்க, சில ஆச்சிமாருக்கு ஃபோட்டோ எடுக்குறதே பிடிக்காது. அப்புறம் இங்கிலீஷ்லயும் ஃபிரெஞ்சுலயும் வர்ற ரிவ்யூ அந்தப் பொம்பளைங்களுக்கு எப்படித் தெரியும்? காலையில டீ நேரத்துல தமிழ்ல படிச்சுக் காட்டுங்க, குறை சொன்னதையும் சேர்த்துதான், நல்லதை மட்டும் படிச்சா நம்ப மாட்டாங்க. "படுக்கை விரிப்பு அவ்ளோ சுத்தம்"னு ஒரு வரி இருந்தா அது யாரு விரிச்ச ரூம்னு ரெஜிஸ்டரைப் பார்த்து அந்த ஆளு பேரைச் சொல்லுங்க.

எங்க ஆபீஸ்ல மேனேஜர் செஞ்சதை ஒருத்தர் நல்லாருக்குன்னு சொன்னா உடனே "ஜால்ரா"ன்னு பேரு வைக்கிறாங்க. நிஜமாவே நல்ல மேனேஜரை எப்படி சார் பாராட்டுறது? (தேவகோட்டை)

தனியா சொல்லுங்க, இன்க்ரிமெண்ட் முடிஞ்ச மறுவாரம் சொல்லுங்க.

மே 1 அன்னைக்கு எங்க கம்பெனியில லீவு விடாம கேக் வெட்டி "தொழிலாளர் தின வாழ்த்துகள்"னு கொண்டாடுனாங்க. சாப்பிட்டோம். ஆனா மனசு ஒட்டல.

எப்படி ஒட்டும்! இந்தியாவுல மொதல் மொதல்ல மே தினம் கொண்டாடுனதே நம்ம சென்னையில, 1923ல சிங்காரவேலர் கொண்டாடுனாரு. அந்த ஊர்க்காரங்களுக்கே கேக்கு குடுத்து வேலை வாங்குறாங்க. தமிழ்நாட்டுல 1958லயே சட்டம் இருக்கு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலு நாளும், அதுபோக வருஷத்துக்கு அஞ்சு பண்டிகை நாளும் சம்பளத்தோட லீவு. அவசர வேலைன்னு வரச் சொன்னா ரெண்டு மடங்கு சம்பளம், இல்லாட்டி அன்னைக்குச் சம்பளமும் பதிலுக்கு வேற ஒரு நாள் லீவும் குடுக்கணும். கேக்கு அந்தக் கணக்குல வராது.

பர்மா, மலாயா காலத்துல நகரத்தார் கடைகள்ல போனஸ், பாராட்டு எல்லாம் இருந்துச்சா? எங்க ஐயா வட்டிக்கடைக்குப் போனவர், கேட்டு வைச்சுக்காம விட்டுட்டோம். (பள்ளத்தூர்)

போனஸ்ங்குற பேரு இல்லாம அதுக்கு மேலயே இருந்துச்சு. கடைக்கு ஆள் அனுப்புறப்பவே பொதுவா மூணு வருஷக் கணக்கு, சம்பளத்துல ஒரு பகுதி முன்கூட்டியே வீட்டுக்குக் குடுத்துடுவாங்க, தவணை முடிஞ்சு கணக்கு ஒப்படைச்சதும் லாபத்துல மேலாளுக்கு, அதாவது கடையை நடத்துற ஏஜெண்டுக்கு, ஒரு பங்கு. எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனா போனவர் மேலாளுக்கு அடுத்த நிலையில அடுத்தாளா வந்து, அப்புறம் மேலாளா ஆகி, கொஞ்சம் காசு சேர்ந்ததும் தானே சொந்தமா கடை போடுறது சகஜமா நடந்துச்சு, முதலாளியே அதுக்குப் பணம் போட்டதும் உண்டு. கடல் தாண்டி ஒருத்தனை நம்பிப் பெட்டிச் சாவியைக் குடுக்குறதைவிட பெரிய பாராட்டு இருக்கான்னு கேப்பாங்க. இருக்கட்டும், அதே மூணு வருஷம் பொண்டாட்டி புள்ளை முகம் பார்க்காம கிட்டங்கியில, அதான் கடையும் தங்குற இடமும் ஒண்ணா இருந்த கட்டடத்துல, படுத்துக் கிடந்ததையும் சேர்த்துதான் பார்க்கணும், இன்னைக்கு எவனும் அந்த வேலைக்கு வர மாட்டான். ஆனா லாபத்துல பங்குங்குற அந்தப் பழக்கத்தை நம்ம பக்கத்து முதலாளிங்க ஏன் விட்டாங்கன்னுதான் எனக்குப் புரியல.

நான் சிங்கப்பூர்ல இருக்கேன். ஊர்ல அம்மாவைப் பார்த்துக்குறதுக்கு ஒரு அக்கா வீட்டோட இருக்காங்க. ரொம்ப நல்லவங்க. வர்றப்ப எல்லாம் சாக்லேட், தைலம், சேலை கொண்டாந்து குடுக்குறேன். போதுமா?

தைலம் நல்லதுதான், ஊருக்கே குடுப்பீங்க. அந்த அக்காவுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு இருக்கா? அன்னைக்கு மாத்து ஆளு ஏற்பாடு பண்ணிருக்கீங்களா? அதை நீங்க எழுதவே இல்லையே. "அவங்க வீட்டு ஆளு மாதிரி"ன்னு சொல்லிச் சொல்லியே லீவு குடுக்காத வீடு நம்ம பக்கம் நிறைய.

அடுத்தது இன்சூரன்ஸ். பேங்க்ல அவங்க அக்கவுண்ட்ல இருந்து பிடிக்கிற மாதிரி ரெண்டு ஸ்கீம் இருக்கு, விபத்துக்கு வருஷம் 20 ரூபா, உயிருக்கு வருஷம் 436 ரூபா, ரெண்டுலயும் 2 லட்சம் வரைக்கும் கிடைக்கும். விபத்துக் காப்பீடு 70 வயசு வரைக்கும் உண்டு, மத்தது 50 வயசுக்குள்ள சேரணும். வருஷத்துக்கு 456 ரூபா, நீங்க போட்டு விடுங்க. வீட்டு வேலை பார்க்குறவங்களுக்குன்னு தமிழ்நாட்டுல நல வாரியம் இருக்கு, அதுல பதிவு பண்ணிக் குடுங்க.

அப்புறம் போன் பண்றப்ப "அம்மாவுக்கு சுகர் எவ்ளோ, மாத்திரை போட்டாங்களா" இது ரெண்டும் கேட்டு முடிச்சுட்டு வைச்சுடாதீங்க. அந்த அக்கா மகன் ஐடிஐ முடிச்சானா, அவங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேளுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கிறது அந்த முழங்கால்தான்.

எங்க மில்லுல முப்பது வருஷமா கணக்கு பார்த்த கணக்கப்பிள்ளை அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறாரு. சுவர்க் கடியாரமா, வெள்ளிக் குத்துவிளக்கா, என்ன வாங்கலாம்? (புதுவயல்)

மொதல்ல கிராஜுவிட்டி, அதான் பல வருஷம் வேலை பார்த்தவர் போறப்ப குடுக்குற பணிக்கொடை. 1972லயே சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல இருந்து அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்துடுச்சு, 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற மில்லுன்னா கட்டாயம். கணக்கு ரொம்ப சுலபம், கடைசியா வாங்குன மாசச் சம்பளத்தை (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 26ஆல வகுத்து, 15ஆல பெருக்கி, எத்தனை வருஷமோ அதால பெருக்கணும். 18,200 ரூபான்னு வைச்சுக்குங்க, வகுத்தா 700, பதினஞ்சு நாளுக்கு 10,500, முப்பது வருஷத்துக்கு 3,15,000. அதை ஒரு மாசத்துக்குள்ள செக்கா குடுத்துடணும். எல்லாரு கிராஜுவிட்டியையும் கணக்குப் போட்டுக் குடுத்தவர் அவர்தான், தன்னோடதைத் தானே போட்டுக் கேக்க வைச்சுடாதீங்க, நீங்களே போட்டு வைங்க.

அதுக்கப்புறம் பரிசு. கடியாரம் வேண்டவே வேண்டாம், இனிமே அவர் எதுக்கு மணி பார்க்கணும். பொன்னாடையும் வேண்டாம், பீரோவுல ஏற்கனவே நாலு கிடக்கும். அவர் வீட்டம்மாகிட்ட போன் போட்டு என்ன ஆசைன்னு கேளுங்க, காசி ராமேஸ்வரம்பாங்க, கண்ணு ஆபரேஷன்பாங்க, ஒண்ணுமே இல்லாட்டி வெளியூர்ல இருக்குற மகள் வீட்டுக்கு ரெண்டு பேருக்கும் ஏசி கோச்சுல டிக்கெட் போட்டுக் குடுங்க. விழாவுல முதலாளி பேசுறது பத்து நிமிஷம் தாண்ட வேண்டாம், அவருகிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க ரெண்டு பேரைப் பேச விடுங்க.